காயின் இல்லாமல் நின்றபோது பார்த்த நிலா: வீடியோ கேம் பின்னணிகள் ஏன் மனதில் தங்குகின்றன

தொண்ணூறுகளின் நடுவில் தாராவியில், தொண்ணூறடிச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், ஒரு வீடியோ கேம் பார்லர் இருந்தது. நான்கு மெஷின்கள், ஒரு ஆட்டத்துக்கு ஒரு ரூபாய். என் கையில் காயின் இருந்த நாட்கள் குறைவு. பெரும்பாலும் ஆடுகிறவனின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஆடுகிறவன் கண்ணுக்கு எதிரியின் கையும் காலும்தான் தெரியும். வேறு எங்கே பார்த்தாலும் அடி விழும். பின்னால் நிற்கிறவனுக்கு அந்த அவசரம் இல்லை. அவன் கண் திரை முழுக்க அலையும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் ரியூ சண்டை போடும் கோட்டைக் கூரையையும், அதன் பின்னால் மேகத்துக்கு நடுவே நிற்கும் நிலாவையும் நான் பார்த்தது அப்படித்தான். எந்த அடிக்கு எந்த பட்டன் என்பது இன்றைக்கு மறந்துவிட்டது. அந்த நிலா அப்படியே இருக்கிறது.

வீடியோ கேமின் பின்னணிக் காட்சியைப் பற்றி எழுத உட்காரும்போது அந்த வரிசையில் நின்ற நேரம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. பின்னணியை வரைகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் வரைவதை ஆடுகிறவர் கவனிக்கக் கூடாது, கவனித்தால் தோற்பார். ஆனால் அவருக்கே தெரியாமல் அது மனதில் இறங்கவும் வேண்டும். நல்ல பின்னணிகளில் பெரும்பாலானவை இரண்டு காரியங்களால் நிலைக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, அவை தூரத்தைத் தூரமாகவே வைத்திருக்கின்றன. இன்னொன்று, நம்மைக் கொஞ்ச நேரம் சும்மா நிற்க விடுகின்றன.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தது 1991-இல். அதைச் செய்த கேப்காம் நிறுவனத்தின் ஓவியர்கள் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு ஊரைக் கொடுத்தார்கள். கைல் சண்டை போடுவது விமானப்படைத் தளத்தில், பின்னால் ஒரு போர் விமானம் நிற்கும், சிப்பாய்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுன்-லீ இருப்பது சீனக் கடைத்தெருவில், நடுநடுவே சைக்கிள்கள் போகும். கென்னுக்குத் துறைமுகம், கப்பலிலிருந்து ஆட்கள் கையை ஆட்டி உற்சாகப்படுத்துவார்கள். ரியூவுக்கு வெறும் கூரையும் வானமும்தான். பார்வையாளர் ஒருவர்கூடக் கிடையாது. அவன் எப்படிப்பட்டவன் என்று அந்த மெஷினில் யாரும் எங்களுக்கு வசனம் பேசிச் சொல்லவில்லை. கென்னின் கப்பலையும் ரியூவின் கூரையையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே இருவரும் எப்படிப்பட்டவர்கள் என்பது பிடிபட்டுவிடும்.

இது நமக்குப் புதிய விஷயமும் இல்லை. நம் அகப்பாடல்களுக்கு இலக்கணம் சொன்னவர்கள் நிலத்தையும் பொழுதையும்தான் முதற்பொருள் என்றார்கள். பிரிவும் காத்திருப்பும் ஊடலும் பிறகுதான் வருகின்றன. மாலையும் மழையும் முல்லையும் வந்துவிட்டால், அவள் காத்திருக்கிறாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஆட்டத்தில் வரும் இந்திய வீரர் தால்சிமின் மேடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இருபுறமும் யானைகள் நிற்கும் அந்த மண்டபம்தான் இந்தியா என்றார்கள். தாராவியில் பிறந்த எங்களில் யாரும் அப்படி ஒரு மண்டபத்தில் கால் வைத்ததில்லை. ஆனாலும் அந்த மேடை வந்தால் பார்லரில் ஒரு சத்தம் எழும். ஜப்பானில் யாரோ ஒருவர் நம்மை நினைத்து வரைந்திருக்கிறார் என்ற சந்தோஷம் அது. அது சுற்றுலாப் போஸ்டரைப் பார்த்து வரைந்த இந்தியா என்பது பிறகுதான் புரிந்தது. இந்த விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன்.

அந்தக் காலத்து மெஷினுக்கு இதெல்லாம் எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைப் பார்த்தால் அந்த ஓவியர்கள் மேல் மரியாதை கூடும். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று வாட்ஸாப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படமே பெரும்பாலும் அதைவிடப் பெரிதாக இருக்கும். பின்னணி முழுவதும் எட்டுக்கு எட்டு புள்ளி கொண்ட சின்னச் சின்ன சதுரங்களால் ஆனது. அந்தச் சதுரங்களும் எண்ணிக்கையில் குறைவு என்பதால் திரும்பத் திரும்ப அவற்றையே அடுக்க வேண்டும். மாரியோவில் வானத்து மேகமும் தரையில் உள்ள புதரும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் கண் அதை மறக்காது.

நம் நாடகக் கம்பெனிகளும் இப்படித்தான் பிழைத்தன. ஒரு காட்டுப் படுதா, ஒரு தர்பார் படுதா, ஒரு தெருப் படுதா இருந்தால் எந்த நாடகத்தையும் நடத்திவிடலாம். வள்ளி திருமணத்துக்குத் தொங்கிய காடேதான் மறுநாள் நளனுக்கும் காடு. வண்ணம் தீட்டிய இந்தத் திரைகள் தமிழ் மேடையில் பரவியதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாயிலிருந்து புறப்பட்டுத் தெற்கே வந்த பார்ஸி நாடகக் குழுக்கள் ஒரு பெரிய காரணம். மும்பையில் உட்கார்ந்து இதை எழுதும்போது அந்தப் பழைய போக்குவரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஒரே படுதா என்றால் அது தட்டையாகத் தெரியும். ஆழம் வேண்டுமென்றால் பல படுதாக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றையும் வெவ்வேறு வேகத்தில் இழுக்க வேண்டும். இதற்குப் பாராலாக்ஸ் என்று பெயர். விளக்க ஒரு ரயில் போதும். செம்பூரிலிருந்து வாஷிக்கு ஹார்பர் லைனில் போகும்போது, மான்குர்த் தாண்டியதும் வண்டி கழிமுகப் பாலத்தில் ஏறும். ஜன்னலுக்குப் பக்கத்தில் மின்கம்பங்கள் விர்விர் என்று பறக்கும். அதற்கு அப்பால் தண்ணீரோரத்து அலையாத்திச் செடிகள் நிதானமாக நகரும். இன்னும் அப்பால் நவி மும்பை மலைகள் நகர்கிற மாதிரியே தெரியாது. நிலா இருந்தால் அது வண்டியோடு கூடவே வரும். கிட்டத்தில் இருப்பது வேகமாகவும் எட்டத்தில் இருப்பது மெதுவாகவும் போவதை வைத்துத்தான் மூளை தூரத்தைக் கணக்குப் போடுகிறது. 1982-இல் வந்த மூன் பேட்ரோல் என்ற ஆட்டம் இதை ஆர்க்கேடில், அதாவது காயின் போட்டு ஆடும் மெஷின்களில், பிரபலமாக்கியது. தொலைவில் மலை, அதற்கு முன்னால் குன்று, அதற்கும் முன்னால் வண்டி ஓடும் தரை என்று மூன்றும் மூன்று வேகத்தில் போகும். வீட்டில் வைத்து ஆடும் சூப்பர் நின்டெண்டோ வந்தபோது நான்கு அடுக்கு வரை மெஷினே தனித்தனியாக நகர்த்திக் கொடுத்தது.

இன்னொரு தந்திரம் வண்ணச் சுழற்சி. 1991-இல் வந்த சோனிக் என்ற ஆட்டத்தின் முதல் கட்டத்தில் அருவி விழுந்துகொண்டே இருக்கும். உண்மையில் அந்தப் படத்தில் ஒரு புள்ளிகூட இடம் மாறுவதில்லை. கோயில் திருவிழாவில் சீரியல் லைட் ஓடுகிற மாதிரி தெரியுமே, பல்பு எதுவும் நகராமல் எரிவது மட்டும் மாறுமே, அதேதான். நீலத்தின் நான்கைந்து சாயல்களை வட்டமாகச் சுழற்றினால் நீர் விழும்.

பிறகு 3டி வந்தது. அதன் தொடக்க காலத்தில் மெஷினின் சக்தி போதாமல், கணினியில் முன்கூட்டியே செய்த படங்களைப் பின்னால் வைத்து, அதன்மேல் ஆட்களை நடக்க விட்டார்கள். ரெசிடென்ட் ஈவில் (1996), ஃபைனல் ஃபேன்டஸி 7 (1997) இரண்டும் அந்த வகை. அவற்றில் கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பதை ஓவியரே முடிவு செய்துவிடுவார். இப்போதும் அவற்றைப் பார்க்கையில் ஒவ்வொரு அறையும் ஒரு புகைப்படம் போல நினைவுக்கு வருவதற்கு அதுதான் காரணம்.

3டியில் எனக்கு மிகவும் பிடித்தது வானத்தைச் செய்யும் முறை. நம்மைச் சுற்றி ஒரு பெட்டி. அதன் ஆறு உட்பக்கங்களிலும் வானமும் மலையும் ஒட்டியிருக்கும். நாம் எங்கே ஓடினாலும் பெட்டியும் கூடவே வரும், அதனால் மலை கிட்டே வரவே வராது. ரயிலோடு ஓடி வரும் நிலாதான் இது. இதற்கு ஸ்கைபாக்ஸ் என்று பெயர். 2004-இல் வந்த ஹாஃப்-லைஃப் 2 இதில் இன்னும் ஒரு படி போனது. நாம் நடக்கும் தெருவுக்கு வெளியே, வரைபடத்தின் ஏதோ ஒரு மூலையில், தூரத்துக் கட்டடங்களைப் பதினாறில் ஒரு பங்கு அளவில் சின்னதாகக் கட்டி வைத்திருப்பார்கள். அதற்குள் இன்னொரு கேமரா இருக்கும். நாம் பதினாறு அடி நடந்தால் அது ஓர் அடி நகரும். அந்தப் படத்தைக் கொண்டுவந்து நம் தெருவின் பின்னால் பொருத்திவிடுவார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நவராத்திரி கொலுவில் படிக்குப் பக்கத்தில் மணல் கொட்டி, கடுகு விதைத்துப் புல் வளர்த்து, மலையும் குளமும் தெருவிளக்கும் வைத்து ஒரு சின்ன ஊரே செய்வார்களே, அது மாதிரி ஒன்றுதான் அந்த ஆட்டத்தின் அடிவானம் முழுவதும்.

அந்த அடிவானத்தில் சிட்டடெல் என்ற ஒரு ராட்சதக் கோபுரம் நிற்கும். ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் அது கண்ணில் படும். உச்சி மேகத்துக்குள் போய்விடும். அந்த நகரத்தின் தோற்றத்தை உருவாக்கியவர் பல்கேரியாவின் சோபியாவில் பிறந்த விக்டர் அன்டோனோவ். 2025-இல் காலமானார். பழைய கிழக்கு ஐரோப்பியத் தெருக்கள், காரை பெயர்ந்த மாடிவீடுகள், அவற்றின் மேல் எந்த ஊருக்கும் சேராத ஒரு உலோகத் தூண். ஆட்டத்தின் கடைசியில்தான் அதற்குள் நுழைவோம். அதற்கு முன் பல மணி நேரம் அது தூரத்தில் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். 2012-இல் வந்த ஜர்னியும் இதே ஆசையை வேறு விதமாகத் தூண்டியது. பாலைவனத்தின் முடிவில் வெளிச்சம் வழியும் ஒரு மலை, அதை நோக்கி நடப்பதுதான் மொத்த ஆட்டமும். தூரத்தில் தெரிவது ஒரு வாக்குறுதி. அதை அவசரப்பட்டு நிறைவேற்றாத ஆட்டங்களைத்தான் மனம் பிடித்து வைத்துக்கொள்கிறது.

சும்மா நிற்கும் நேரத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் ஒரு சின்னக் குழு செய்து 2017-இல் வெளியிட்ட ஹாலோ நைட்டில், ஆட்டத்தைச் சேமிக்க வேண்டுமானால் ஒரு பெஞ்சைத் தேடிப் போய் உட்கார வேண்டும். பூமிக்கு அடியில் இருக்கும் அந்த ராஜ்ஜியத்தில் கண்ணீர் நகரம் என்று ஓர் ஊர். மேலே ஓர் ஏரி, அது கசிந்து கசிந்து நகரத்தின் மேல் ஓயாமல் மழையாகப் பெய்யும். கண்ணாடி ஜன்னல்களில் நீர் வழிய, பின்னால் நீல நிறத்தில் கோபுரங்கள் அடுக்கடுக்காக மங்கிக்கொண்டே போகும். வரைந்தது முழுக்க இரு பரிமாணப் படங்கள்தான், ஆழத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியிருக்கிறார்கள். நமக்கு முன்னாலும் கறுப்பு நிழல்களாகச் சில அடுக்குகள் உண்டு. நானும் ஒரு ஜூலை மாதத்தில்தான் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். வெளியே மும்பை மழை, திரையில் அந்த மழை. பெஞ்சில் உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க மனமே வரவில்லை. பெஞ்ச் இல்லாமல் வெறும் ஓட்டமாக இருந்திருந்தால் அந்த நகரத்தை இவ்வளவு பேர் இப்படி நினைவில் வைத்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஹிட்மேன் 2-இல் (2018) வரும் மும்பையும் இதே காரணத்தால்தான் வேலை செய்கிறது. டென்மார்க்கில் உள்ள ஐஓ இன்டராக்டிவ் செய்தது. குடிசைப் பகுதி, துணி துவைக்கும் இடம், ரயில் யார்டு, சினிமா படப்பிடிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே பாதி கட்டி நிற்கும் ஒரு பெரிய டவர். பட்டியலாகப் படித்தால் இதுவும் போஸ்டர் இந்தியாதான் என்று தோன்றும். ஆனால் ஹிட்மேன் ஓடிப்போய்ச் சுடுகிற ஆட்டம் இல்லை. ஒரு மூலையில் நின்று, யார் எப்போது எந்த வழியாகப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நிற்க நிற்க அந்தச் சந்துகளின் ஈரமும் நெருக்கமும் கூட்டத்தின் சலசலப்பும் படிந்துவிடும். எந்தச் சந்திலிருந்து நிமிர்ந்தாலும் முடியாத கட்டடம் ஒன்று தெரிவது, மும்பையில் வாழ்கிறவர்களுக்குத் தினமும் தெரியும் உண்மை. தால்சிமின் யானை மண்டபத்திலிருந்து இது வெகு தூரம் வந்துவிட்டது. குறையும் இல்லாமல் இல்லை. எந்தச் சந்தும் இங்கே ஒருவருடைய வீட்டுத் திண்ணைதான். அங்கே குடித்தனம் நடக்கும், கோலம் இருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் இருப்பார்கள். விளையாட்டின் சந்து வேலைக்கான சந்தாகவே நின்றுவிட்டது.

அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி (2017) மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்தது. பச்சையும் ஈர வெளிச்சமும் செம்மண்ணும் அசத்தலாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் ஹொய்சளர்களின் ஹளேபீடு என்று காட்டிய இடத்தில் மலையளவு சிலைகள் நிற்கின்றன. உண்மையான ஹளேபீட்டில் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, நடனமாடுகிறவளின் விரல் மோதிரம்வரை பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து மிரட்டுகிற கலை இல்லை அது. ஆட்டத்துக்குத் தூரத்து அடையாளம் தேவைப்பட்டது, அதனால் கோயிலைப் பெரிதாக்கிவிட்டார்கள். எனக்கு அது இழப்பாகவே பட்டது.

கிட்டத்துப் பின்னணி எவ்வளவு சொல்ல முடியும் என்பதற்கு வெண்பா (2023) இருக்கிறது. டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் செய்தது. 1988-இல் கனடாவில் வாழத் தொடங்கிய ஒரு தமிழ்க் குடும்பம், வெண்பா, பாவலன், மகன் கவின். கதை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே, அடுக்களையைச் சுற்றியே நடக்கிறது. மலையும் இல்லை, கோபுரமும் இல்லை. இட்லிப் பானையும் அடுப்பும் பாட்டும்தான். தமிழ் வீட்டு அடுக்களை ஒன்று ஒரு ஆட்டத்தின் முழு உலகமாக நிற்கும் என்று அந்தப் பார்லரில் நின்ற நாட்களில் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

தூரத்தைப் பற்றி ஆரம்பித்ததைப் பனிமூட்டத்தில் முடிக்க வேண்டும். 1999-இல் சைலண்ட் ஹில் என்ற திகில் ஆட்டம் வந்தபோது, அது ஓடிய பிளேஸ்டேஷனின் நினைவகம் 2 மெகாபைட். ஒரு முழு ஊரை 3டியில் வரைய அது போதாது. சில அடிகளுக்கு அப்பால் வரையவே முடியாது என்பதால் அந்த எல்லையைப் பனியால் மூடினார்கள். பிறகு நாயகன் கையில் ஒரு சின்ன ரேடியோவைக் கொடுத்தார்கள். ஏதாவது நெருங்கினால் அது கரகரக்கும். எங்கிருந்து வருகிறது என்று பனியில் தெரியாது. வெறும் மறைப்பாகத் தொடங்கிய பனி அந்தக் கரகரப்பால் உயிர் பெற்றுவிட்டது. 2012-இல் இரண்டாம், மூன்றாம் பாகங்களைப் புதுப்பித்து வெளியிட்டபோது பனி மெலிந்து, மறைந்திருக்க வேண்டியதெல்லாம் வெளியே தெரிந்ததாக ரசிகர்கள் கொதித்ததில் வியப்பில்லை.

இதைவிட நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ். 2004-இல் வந்தது. சைபர் கஃபேயில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஆடாதவர்கள் என் வயதில் குறைவு. லாஸ் சான்டோஸ் நகரத்தின் மேல் எப்போதும் ஓர் ஆரஞ்சு நிறப் புகைமூட்டம் இருக்கும். நகரத்தைவிட்டு வெளியே வந்தால் வயல், அப்புறம் காடு, அப்புறம் சிலியாட் மலை. உச்சியில் நின்று பார்த்தால் எதிரே வெளிர்ந்த மங்கல். அந்த மங்கலுக்குள் நகரம் எங்கோ இருக்கிறது. மூன்று நகரங்களும் ஒரு பாலைவனமும் கொண்ட மாநிலம் என்று ஆட்டம் சொன்னதை நாங்கள் முழுதாக நம்பினோம்.

2021-இல் அதைப் புதுப்பித்து வெளியிட்டபோது மெஷின்களுக்குச் சக்தி பெருகியிருந்தது, தூரம்வரை வரைய முடிந்தது. வரைந்தார்கள். மலையுச்சியில் நின்றால் மொத்த நிலமும் தட்டில் வைத்த மாதிரி தெரிந்தது. நகரத்தின் கோபுரங்கள் அதோ பக்கத்தில், அடுத்த நகரம் அதற்குக் கொஞ்சம் தள்ளி. வரைபடம் அதேதான், ஓர் அடிகூடக் குறையவில்லை. ஆனாலும் மாநிலம் ஒரு பேட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. சாலைகள் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போனதும், நடுவில் காட்டை வைத்ததும், புகையைப் போட்டதும் சேர்ந்துதான் அந்தத் தூரத்தைச் செய்திருந்தன என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பல குறைகளோடு இதுவும் சேர்ந்து, அதை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 2024 நவம்பரில் கணினிக்கும் கன்சோல்களுக்கும் வந்த அப்டேட்டில் பழைய வானத்தையும் வெளிச்சத்தையும் திரும்பக் கொண்டுவரும் கிளாசிக் லைட்டிங் என்ற வசதியைச் சேர்த்தார்கள்.

அந்த அப்டேட் வந்த வாரம் அக்கா மகன் செம்பூர் வீட்டில் அதைப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் ஆட, நான் பழையபடி பின்னால் நின்றேன். சிலியாட் உச்சியில் போய் பைக்கை நிறுத்தினான். எதிரே ஆரஞ்சு கலந்த மங்கல்.

"அந்தப் பக்கம் என்ன மாமா இருக்கு?"

எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு பைக்கைச் சரிவில் இறக்கினான்.